பிரதி இல்லாத படம்

படத்தை உதறாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். கேமராவின் வாயிலிருந்து அந்தச் சின்ன அட்டை வெளியே வந்ததும் நம் ஊரில் யாருக்கும் கை சும்மா இருப்பதில்லை. ஒருத்தி தெர்மாமீட்டரை உதறுவது போல உதறுகிறாள். இன்னொருத்தி வாயால் ஊதுகிறாள். மூன்றாமவள் மின்விசிறிக்கு நேராகத் தூக்கிப் பிடிக்கிறாள். ஈரத்துணியா அது? அட்டைக்குள்ளே மருந்து இருக்கிறது. அது தன் பாட்டுக்குப் பரவி உருவம் மேலே வரக் கொஞ்ச நேரம் ஆகும். கவிழ்த்து வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்த்தால் போதும். இதை எத்தனை பேரிடம் சொல்லித் தொண்டை வறண்டிருக்கிறது எனக்கு! சொன்னால், "ஆமா, உனக்குத்தான் எல்லாம் தெரியும்" என்று சொல்லிவிட்டு இன்னொரு தடவை உதறுவார்கள்.

அமுக்கியதும் படத்தைக் கையில் கொடுத்துவிடும் இந்தக் கேமராவை நான் ஸ்டைலுக்காக வாங்கவில்லை. கடற்கரைச் சாலைப் பக்கம் மஞ்சள் சுவருக்கு முன்னால் நின்று படம் எடுத்து, வந்த அட்டையைக் கன்னத்தோடு வைத்துக் கொஞ்சும் வெளியூர்ப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. நான் வாங்கியது என் உம்மாவுக்காக. லாத்தாவுக்காக என்றும் சொல்லலாம். லாத்தா என்றால் என் அக்கா. அவளுக்குக் கல்யாணம் கூடியிருந்தது. மாப்பிள்ளை வீடு பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருக்கும் குடும்பம். கல்யாணப் பதிவு போன வருஷமே முடிந்து, விசாவும் கைக்கு வந்துவிட்டது. மாப்பிள்ளைக்கு லீவு கம்மி. அதனால் பகலில் நிக்காஹ், அதன்பின் விருந்து, சாப்பிட்ட கையோடு மண்டபத்திலிருந்தே மெட்ராஸ் விமான நிலையம் என்று ஏற்பாடு. லாத்தா நகை கேட்கவில்லை, பட்டு கேட்கவில்லை.

"உம்மாவோட நான் நிக்கிற மாதிரி ஒரு படம் வேணும்டி," என்றாள். "அங்க போயி வெச்சிப் பாக்கறதுக்கு."

இதில் என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். உம்மாவின் படம் எங்கள் வீட்டில் ஒன்றுகூடக் கிடையாது. ரேஷன் அட்டையில் இருப்பதைப் படம் என்று சொன்னால் படத்துக்கே அவமானம். சில வருஷங்களுக்கு முன்னால் சொந்தத்தில் ஒரு விசேஷம். முக்காடு நழுவியது தெரியாமல் உம்மா பந்தியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்திருக்கிறார். அதை ஆண்கள் பக்கமிருந்து யாரோ ஃபோனில் எடுத்து, கேலியாக ஒரு பாட்டையும் சேர்த்து ஸ்டேட்டஸில் வைத்துவிட்டார்கள். அது வீடு வீடாகப் போனது. ஊரெல்லாம் போனது. மறுநாள் காய்கறிக் கடைக்காரர், "நேத்து ஃபோன்ல உங்களப் பாத்தனே" என்று பல்லைக் காட்டினார். உம்மா எடுத்த கத்தரிக்காயை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துவிட்டார். யார் எடுத்தது என்று விசாரித்தால் ஒவ்வொருவரும், "எனக்கும் ஃபார்வர்டாத்தான் வந்துது" என்றார்கள். மானம் போனது உம்மாவுக்கு. போக்கியவருக்கு ஒரு பேர்கூட இல்லை.

அன்றோடு உம்மா ஃபோன் முன்னால் நிற்பதை விட்டுவிட்டார், இருந்த பழைய படங்களையும் அழிக்க வைத்தார். யாராவது ஃபோனைத் தூக்கினால் எழுந்து உள்ளே போய்விடுவார். அதைப் பார்த்து, "உங்க உம்மா இன்னும் அந்தக் காலத்துலயே இருக்காங்க" என்று சொல்பவர்கள் உண்டு. கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். திருடனை விட்டுவிட்டு, கதவைப் பூட்டியவளைத் திட்டுவது எந்த ஊர் நியாயம்?

அதனால்தான் இந்தக் கேமரா. வாங்கி வந்த அன்று உம்மா அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"இதுல காப்பி கெடையாது உம்மா. நெகடிவும் கெடையாது. ஒண்ணு எடுத்தா ஒண்ணுதான்."

"ஃபோனுக்குள்ள போவாதா?"

"போவாது."

"கம்ப்யூட்டர்ல?"

"அதுலயும் போவாது. கையில இருக்கறதுதான் படம். வேற எங்கயும் இருக்காது."

உம்மா மீனைத் திருப்பிப் போட்டுச் செதில் எடுத்தார். அடுத்த மீனையும் எடுத்தார். கடைசியில், "அப்ப எடுத்துக்கோ. ஒண்ணுதான்," என்றார். எனக்குப் பெருநாள் பிறை பார்த்த மாதிரி இருந்தது.

கேமரா விற்ற கடைக்காரர், "ஒண்ணும் இல்ல மேடம், அமுக்குனா படம் வந்துடும்" என்றுதான் கொடுத்திருந்தார். அமுக்கினால் வருவது உண்மைதான். என்ன வரும் என்பதை அந்த மனிதர் சொல்லவில்லை. உம்மா கொடுத்த ஒரே ஒரு சம்மதத்தைப் பாழாக்கக் கூடாது என்று, ஆபீஸ் தோழிகளோடு நோணாங்குப்பம் படகுத்துறைக்குப் போய்ப் பழகிப் பார்த்தேன். முதலில் கறுப்பாக ஒரு அட்டை வந்து விழுந்தது. கேமரா செத்துவிட்டது என்று கத்தினோம். அது வெளிச்சம் படாமல் மூடிவைத்திருக்கும் மேல்தாளாம். அதற்கு நாங்கள் வரிசையாக நின்று சிரித்திருக்கிறோம்! அடுத்தது தண்ணீர் மேல் பட்ட வெயிலில் வெளுத்துப் போனது. வெயிலுக்கு ஒரு குறி, வீட்டுக்குள்ளே ஒரு குறி என்று ஒரு திருகு இருக்கிறது, அதைத் திருப்ப வேண்டுமாம். இன்னொன்றில் ஃபிளாஷ் பக்கத்தில் இருக்கும் சின்னக் கண்ணை என் விரலே மறைத்துவிட்டது. தோழி கையை நீட்டித் தன்னைத்தானே எடுத்துக்கொண்ட படத்தில் மூக்கும் கண்ணும் கலங்கிக் கரைந்து கிடந்தன. கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டும், கிட்டே போனால் கலங்கும். பெட்டிக்கடை பேட்டரி போட்டால் விளக்கு மினுக்கிவிட்டு நின்றுவிடும். படம் வெளியே வரும் உருளையில் தூசியோ எண்ணெயோ இருந்தால் முகத்தில் புள்ளி விழும். இவ்வளவையும் நான் தோற்றுத் தோற்றுத்தான் கற்றுக்கொண்டேன். அமுக்கினால் வந்துவிடுமாம்!

கேமராவோடு வந்த சின்னப் புத்தகத்தையும் வரி விடாமல் படித்தேன். அதில் தடித்த எழுத்தில் ஒன்று போட்டிருந்தது. படத்தாள் பெட்டி தீரும் வரை பின்கதவைத் திறக்கக் கூடாது. திறந்தால் மேலே இருக்கும் தாள் மொத்தமாக வெளுத்துவிடும், அடியில் இருப்பவற்றுக்கு ஓரங்கள் போகும். இதை யார் திறக்கப் போகிறார்கள், நான் என்ன பைத்தியமா என்று அடுத்த பக்கத்துக்குப் போனேன்.

மண்டபம் ரெட்டியார்பாளையத்தில். ஆண்கள் கீழே, பெண்கள் மாடியில். கீழே போனவர்கள் சொன்னார்கள்: நாலு பக்கமும் கேமரா, தலைக்கு மேலே சுற்றிச் சுற்றி வரும் ஒரு பறக்கும் கேமரா, மாப்பிள்ளை மூக்கைச் சொறிந்தாலும் சுவர் அளவு திரையில் தெரிகிறது என்று. மாடியில் எங்களுக்கு ஒரு துணிப்பை. உள்ளே நுழையும் ஒவ்வொருத்தியும் தன் ஃபோனை அணைத்து அந்தப் பையில் போட வேண்டும். உம்மாவுக்கு நடந்ததற்குப் பிறகு எங்கள் சொந்தத்தில் வந்த வழக்கம் இது. பெண்கள் நிம்மதியாக உட்கார்ந்து சிரிக்கலாம், சாப்பிடலாம், தலைமுடியை அவிழ்த்துப் போடலாம். நல்ல வழக்கம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் தப்பு செய்தவர் இருக்கும் பக்கத்துக்குச் சுவர் அளவு திரை, தப்பு செய்யாதவர்களுக்குத் துணிப்பை என்பதை நினைத்தால் நெஞ்சு எரிகிறது.

பைக்குப் பொறுப்பு மாமி. மாமி என்றால் உம்மாவின் அண்ணன் மனைவி. வாசலில் மேஜை போட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு, எவரையும் விடாமல் கேட்டு வாங்கினார். மணப்பெண்ணின் ஃபோனையே வாங்கிவிட்டார். என் கேமராவைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"இன்னாடி இது?"

சொன்னேன். உம்மாவே சம்மதித்ததையும் சொன்னேன்.

"சரி, எடு. எடுக்காதப்ப என் மேஜை மேல வெச்சிட்டுப் போ. எவளாச்சும் தூக்கிட்டுப் போயிடப் போறா."

நியாயமாகத்தான் பட்டது. முதலில் லாத்தாவையும் அவள் சிநேகிதிகளையும் எடுத்தேன். அருமையாக வந்தது. மருதாணிக் கையின் பூக்கூடத் தெரிந்தது. கேமராவை மேஜையில் வைத்துவிட்டு, வந்தவர்களுக்குச் சர்பத் கொடுக்கப் போனேன். திரும்பி வந்து சின்னம்மாவை எடுத்தேன். வெள்ளை. வெறும் வெள்ளை. சின்னம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நான் அவ்வளவு செவப்பாவா இருக்கேன்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த அட்டையும் முக்கால்வாசி வெளுத்துத்தான் வந்தது. நான் சிரிக்கவில்லை.

மேஜை ஜன்னல் பக்கம் இருந்ததால் சூடு ஏறியிருக்கும் என்று நினைத்தேன். நிழலுக்கு நகர்த்தினேன். திருகைப் பார்த்தேன், சரியாக இருந்தது. தொழுதுவிட்டு வந்து இன்னொன்று எடுத்தேன். வெள்ளை. பேட்டரியை மாற்றினேன். உருளையைப் புதுத் துணியால் துடைத்தேன். பேட்டரி கசிந்துவிட்டதோ, ஃபிளாஷ் கூடுதலாக அடிக்கிறதோ, ஜரிகைதான் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிறதோ என்று ஜரிகை இல்லாத ஒருத்தியைத் தேடிப் பிடித்தெல்லாம் நிறுத்தினேன். பழைய பெட்டியில்தான் கோளாறு என்று அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, கையில் இருந்த இன்னொரு பெட்டியை மாற்றினேன். உடனே எடுத்தது பளிச்சென்று வந்தது. நிம்மதியாக மேஜையில் வைத்துவிட்டுப் பந்தி பரிமாறப் போனேன். வந்து எடுத்தால் மறுபடியும் வெள்ளை. ஆத்திரத்தில் எண்ணாமல் அமுக்கிக்கொண்டே போனேன்; எல்லாம் வெள்ளை, இல்லையென்றால் பாதி வெள்ளை.

மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி, "ஃபோன்லயே எடுத்திருக்கலாம்ல, இப்பல்லாம் ஃபோன்லயே சூப்பரா வருது" என்று எனக்குப் புத்தி சொன்னாள். வாயில் வந்ததை மென்று முழுங்கினேன். மண்டபத்து ஆபீஸுக்குப் போய் அங்கே இருந்த ஃபோனில் கேமரா கடைக்குப் பேசினேன்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தீங்களா மேடம்?"

"பாத்தாச்சு."

"அப்ப வெள்ளையா வந்த படத்த ஃபோட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்புங்க. பாத்துட்டு சொல்றோம்."

வெள்ளையை ஃபோட்டோ எடுத்து அனுப்ப வேண்டுமாம். அதுவும் ஃபோனில். என் ஃபோன் மாமியின் மடியில். ரிசீவரை நான் வைத்த வேகத்தில் ஆபீஸில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

மாடி ஏறி வந்து மேஜையில் இருந்த கேமராவைக் கையில் எடுத்தபோதுதான் முதுகில் இருக்கும் சின்ன ஜன்னல் கண்ணில் பட்டது. எத்தனை தாள் மிச்சம் என்று அதில் எண் குறைந்துகொண்டே வரும். இப்போது அது ஆரம்பக் குறியில் நின்றது, ஒரு படமும் எடுக்காதது போல. புத்தகத்தில் படித்தது நினைவுக்கு வந்தது. பின்கதவைத் திறந்தால் மட்டும்தான் எண் திரும்பவும் முதலுக்குப் போகும்.

கேமராவை மேஜையில் வைத்துவிட்டு, தண்ணீர் குடிக்கப் போவது போலப் போய்த் தூணோரம் நின்றேன். மாமி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். கேமராவை மடியில் வைத்தார். இரண்டு கட்டை விரலாலும் பின்கதவை அழுத்தித் திறந்தார். டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து உள்ளே உற்றுப் பார்த்தார், விரலை விட்டு ஓரமெல்லாம் தடவினார், திருப்தியாக மூடி இருந்த இடத்தில் வைத்தார்.

"மாமி!" நான் போட்ட சத்தத்தில் மணப்பெண் பக்கத்தில் இருந்தவர்கள்கூடத் திரும்பினார்கள்.

"இன்னாத்துக்குடி கத்துற? மெமரி கார்டு இருக்குதான்னு பாத்தேன்."

"இதுல மெமரி கார்டே கெடையாது மாமி!"

"மெமரி இல்லாம எப்படிடி படம் எடுக்கும்? பேரப்புள்ளையோட பொம்மைக் கேமராவுலயே இருக்குது."

"அதுக்கு ஒவ்வொரு தடவையும் தொறப்பீங்களா?"

"நீ அந்தாண்ட போனதும் எவளாச்சும் ஒண்ண சொருகிட்டான்னா? அப்புறம் உங்க உம்மாவுக்கு நான் இல்ல பதில் சொல்லணும்?"

உம்மாவைக் காப்பாற்றுவதற்காக மாமி திறந்திருக்கிறார். திறந்து திறந்து உம்மாவுக்காக வைத்திருந்த தாள்களையெல்லாம் வெளுக்க வைத்திருக்கிறார். எனக்கு மாமி மேல் வந்த ஆத்திரம் பாதிதான். மீதி, அன்று பந்தியில் ஃபோனைத் தூக்கிய அந்தப் பேரில்லாத கை மேல் வந்தது. அந்தக் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. கீழே எங்கேயோ உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருக்கும். அதன் பயத்தில் இங்கே பெண்கள் ஒருத்தியை ஒருத்தி சோதனை போட்டுக்கொண்டிருக்கிறோம். இதை நான் உரக்கவே சொன்னேன். சொல்லும்போது அழுதும்விட்டேன். மாமியின் முகம் தொங்கிப் போனது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

"எனக்கு எப்படித் தெரியும்? நல்லதுக்குத்தான் பண்ணேன்," என்றார்.

கீழேயிருந்து ஆள் வந்தது. கார் வந்துவிட்டதாம், சென்னைச் சாலையில் நெரிசலாம், பெண்ணை அனுப்புங்கள் என்று. உள்ளே எத்தனை தாள் மிச்சம் என்று எனக்குத் தெரியாது, கேமராவுக்கும் தெரியாது. எண்ணைத்தான் மாமி அழித்துவிட்டாரே. இருப்பதில் எது பிழைத்தது, எது செத்தது என்பதும் தெரியாது. திறந்து பார்த்தால் தெரியும். ஆனால் திறந்து பார்த்தால் எதுவும் மிஞ்சாது.

உம்மா முகம் கழுவிவிட்டு வந்தார். முக்காட்டை இழுத்துச் சரிசெய்து, காதோரம் ஊசி குத்திக்கொண்டு, லாத்தாவுக்கு இடப்பக்கம் நின்றார். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி இரண்டு பேரையும் திருப்பினேன். அளவாகத் தள்ளி நின்றேன். விரல் எதையும் மறைக்கவில்லை என்று பார்த்துக்கொண்டேன். லாத்தா உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அமுக்கினேன்.

வந்த அட்டையை ஜன்னல் கட்டையில் வைத்துக் காத்திருந்தோம். உதறப் போன கையை நான் தட்டிவிட்டேன். வெள்ளையாகவே கிடந்தது. உம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் சரியா நிக்கலையா?" என்று கேட்டார்.

"உங்க மேல ஒரு தப்பும் இல்ல உம்மா!" என்று கத்தினேன். ஊரார் மேல் போட வேண்டிய சத்தத்தை உம்மா மேல் போட்டேன். "நில்லுங்க. இன்னொண்ணு."

"ஒண்ணுதானே சொன்ன?"

"அது வரவே இல்லியே."

உம்மா மறுபடியும் நின்றார். அமுக்கினேன். ஒரு அட்டை வந்தது. அது நிறம் பிடிக்கிறதா என்று பார்க்குமுன் கீழே ஹாரன் அடித்தார்கள். சரி, இன்னொன்றும் எடுத்துவிடலாம் என்று அமுக்கினேன். கேமரா உறுமியது. எதுவும் வரவில்லை. அவ்வளவுதான், தாள் தீர்ந்துவிட்டது.

லாத்தா அந்த அட்டையை அப்படியே எடுத்துக் கவிழ்த்து, கைக்குட்டையில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தாள். அப்போது அதில் மங்கலாகக்கூட ஒன்றும் தெரியவில்லை. உம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். என்னைக் கட்டிக்கொண்டு, "வந்துடும்டி, வந்துடும்" என்றாள். என்னை அவள் தேற்றினாள். கார் போய்விட்டது.

மாமி பையைத் திறந்து ஃபோன்களை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தார். என் முறை வந்தபோது என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார். நானும் பார்க்காமல் வாங்கினேன்.

மறுநாள் லாத்தா போய்ச் சேர்ந்ததும் பேசினாள். உம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டேன். குளிர், சாப்பாடு, வீடு என்று பேசிக்கொண்டே போனாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"படம் வந்துச்சா லாத்தா?"

"வந்துச்சுடி. கார்ல போவறப்பவே வந்துடுச்சு." சொல்லிவிட்டு நிறுத்தினாள். "அனுப்பட்டுமா? உம்மா பாக்கட்டுமே. ஒரே ஒரு தடவ."

நான் உம்மாவைப் பார்த்தேன். படத்தை எடுத்தது நான், அதில் இருப்பது உம்மா. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டுமென்றால் லாத்தா அதை ஃபோனில் எடுத்து அனுப்ப வேண்டும், எங்களுக்கு வேறு வழியில்லை. உம்மா மறுத்துத் தலையை ஆட்டினார். "வேணாம்மா. எந்த ஃபோனுக்குள்ளயும் போவக் கூடாது. அது உங்கிட்டயே இருக்கட்டும்." பிறகு கூச்சத்தோடு கேட்டார். "எப்படி வந்திருக்குன்னு வாயால சொல்லு."

"நல்லா வந்திருக்கு உம்மா. உங்க முகம் அவ்ளோ தெளிவா இருக்குது. காதோரம் குத்துன ஊசிகூடத் தெரியுது. ஜன்னல் வெளிச்சம் கன்னத்துல விழுந்து..." லாத்தாவின் குரல் இறங்கியது. "என் பக்கம்தான் வெள்ளையாப் போச்சு. ஓரத்துலேருந்து பாதி வரைக்கும். அது பரவால்ல. எனக்கு உங்க முகம்தானே வேணும்."

உம்மா ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமியிடம் போய் இதைச் சொல்ல வேண்டும், கடைக்காரனிடம் சொல்ல வேண்டும், ஊரெல்லாம் கூட்டி வைத்துச் சொல்ல வேண்டும் என்று இருந்தது.

"அப்ப அந்தப் படத்துல," என்றார் உம்மா, "நான் மட்டும் தனியாவா நிக்கிறேன்?"